உங்களுக்குத் தெரியுமா? ஆற்றல் எடுக்கும் அவதாரங்கள்

ஆற்றலை இதுவரை யாரும் புதிதாக ஆக்கியதில்லை, யாரும் அழித்ததும் இல்லை. அனல்மின் நிலையமாகட்டும், அடுப்படியாகட்டும், நம் உடம்பாகட்டும், ஒரு வடிவில் இருப்பதை இன்னொரு வடிவுக்கு மாற்றுகின்றன, அவ்வளவே. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாகக் கழன்றுவிடுகிறது. அப்படிக் கழன்றதைத் திரட்டி மறுபடி வேலை வாங்குவது மிகக் கடினம். பள்ளிப் பாடத்தில் முதல் செய்தியை மனப்பாடம் செய்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். இந்தத் துணுக்குகளில் பாதி அந்த இரண்டாவது செய்தியைப் பற்றியவை.

மிக்ஸியில் அரைத்த மாவு ஏன் சுடுகிறது?

ஜாருக்கு அடியில் தீ இல்லை. ஆனாலும் இட்லி மாவை நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் வெதுவெதுப்பாகி, பிறகு கையைச் சுடத் தொடங்கும். மோட்டாரின் சுழற்சி மாவோடு உராய்ந்து வெப்பமாகிறது. அந்தச் சூடு மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது என்பதால்தான் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். மெதுவாகச் சுழலும் கல் கிரைண்டருக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

இதையே அளந்து நிறுவியவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில், பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் 1818-ல் பிறந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி எதையும் அவர் வகித்ததில்லை. ஒரு செம்புப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, உள்ளே துடுப்புச் சக்கரம் பொருத்தி, கயிற்றில் தொங்கும் எடைகள் இறங்கும்போது சக்கரம் சுழலும்படி செய்தார். எடைகள் இறங்கின; நீர் சூடேறியது. ஏறிய சூடு ஒரு டிகிரிக்கும் குறைவு என்பதால் எடைகளைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கி இறக்க வேண்டியிருந்தது. 1850-ல் அவர் வெளியிட்ட விடை இது: ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, ஒரு பவுண்டு எடை 772 அடி இறங்க வேண்டும். வயதான காலத்திலும் அளவையை விடாமல் திருத்தி 772.55 என்ற எண்ணுக்கு வந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அருவியின் அடியில் நீர் சூடா?

ஆம், மிகச் சிறிதளவு. நீர் 427 மீட்டர் விழுந்து, அதன் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும். 253 மீட்டர் உயர ஜோக் அருவிக்குக் கணக்குப்படி 0.6 டிகிரி. காற்றும் ஆவியாதலும் அதையும் குறைத்துவிடும். ஜூல் தம் தேனிலவுப் பயணத்தில்கூட நீண்ட வெப்பமானி ஒன்றை ஏந்தி, ஆல்ப்ஸ் மலை அருவி ஒன்றின் சூட்டை அளக்கக் கிளம்பியதாக அவருடைய நண்பர் கெல்வின் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

நீலகிரியில் பைக்காரா நீர் 900 மீட்டருக்கும் மேல் குழாயில் இறங்கி, 1932 முதல் மின்சாரம் தந்துவருகிறது. சும்மா விழுந்திருந்தால் இரண்டு டிகிரி சூடேறியிருக்க வேண்டிய நீர் அது. அந்த ஆற்றலைச் சக்கரம் முன்பே வாங்கிவிடுவதால் நீர் குளிர்ச்சியாகவே வெளியேறுகிறது. நீர்வீழ்ச்சியின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை மின்சாரமாக்கலாம். மனிதர் கண்ட மாற்றங்களில் மிகக் குறைவாகச் சிந்துகிறவற்றுள் இதுவும் ஒன்று.

பீரங்கி கொதிக்கவைத்த தண்ணீர்

ஜூலுக்கும் முன்னால், ஜெர்மனியின் மியூனிக் நகர ஆயுதசாலையில் பீரங்கிக் குழாய்களைக் குடையும் வேலையைப் பார்வையிட்டுவந்தவர் ரம்ஃபோர்டு பிரபு. குதிரைகள் சுற்ற, மழுங்கிய துரப்பணம் உலோகத்தைத் தேய்க்க, சுற்றிலும் இருந்த தொட்டி நீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது. தீயே இல்லாமல் நீர் கொதிப்பதைக் கண்டு கூடியிருந்தவர்கள் திகைத்துப்போனதை 1798-ல் பதிவு செய்தார். வெப்பம் என்பது பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் என்று அறிஞர்கள் நம்பிய காலம் அது. தேய்க்கத் தேய்க்கத் தீராமல் வருகிற ஒன்று எப்படித் திரவமாக இருக்க முடியும் என்று அவர் கேட்டார்.

மாலுமியின் இரத்தத்தில் கிடைத்த விதி

ஜூலியஸ் ராபர்ட் மேயர் ஒரு கப்பல் மருத்துவர். 1840-ல் டச்சுக் கப்பலில் ஜாவாத் தீவுக்குப் போனார். அங்கே நோயுற்ற மாலுமிகளுக்கு அக்கால வழக்கப்படி இரத்தம் எடுத்தபோது, சிரை இரத்தம் எதிர்பார்த்ததைவிடச் செக்கச்செவேலென்று இருந்தது. தமனியையே தவறிக் கீறிவிட்டோமோ என்று முதலில் அஞ்சினாராம். வெப்ப நாட்டில் உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்கத் தேவையில்லை; ஆக்சிஜன் மிச்சமாகிறது; அதனால் இரத்தம் சிவப்பாகவே திரும்புகிறது. உணவு, உடல் வெப்பம், உழைப்பு மூன்றும் ஒரே கணக்கில் வரவேண்டியவை என்ற முடிவுக்கு அங்கிருந்துதான் வந்தார்.

1842-ல் கட்டுரை வெளியிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. புகழ் ஜூலுக்குப் போயிற்று. மனமுடைந்து 1850-ல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். 1871-ல் லண்டன் ராயல் கழகம் கோப்ளி பதக்கம் அளித்தது. ஜூலுக்கு அதே பதக்கம் ஓராண்டு முன்பு கிடைத்திருந்தது. ஆற்றல் அழிவின்மை விதியைச் சொல்லும்போது மேயர் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு இட்லி, ஒரு மலைக்கோட்டை

60 கிலோ எடையுள்ளவர் திருச்சி மலைக்கோட்டையின் 83 மீட்டர் உயரத்தை ஏறினால், அவர் உடல் பெறும் நிலை ஆற்றல் சுமார் 49 ஆயிரம் ஜூல். உணவுக் கணக்கில் அது 12 கிலோகலோரிதான். ஆனால் தசைகள் உணவாற்றலில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். எனவே உண்மையில் செலவாவது 50 கிலோகலோரி அளவு: நடுத்தர அளவில் ஒரு இட்லி. மீதி முக்கால் பங்கு வெப்பமாகி வியர்வையாகிறது. உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்ததும் ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிடுகிறவர்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

நல்லெண்ணெயில் இருப்பது வெடிமருந்தில் இல்லை

ஒரு கிராம் டிஎன்டி வெடித்தால் வெளிப்படுவது சுமார் ஒரு கிலோகலோரி. ஒரு கிராம் நல்லெண்ணெயில் இருப்பது 9 கிலோகலோரி. வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் உடம்பிலேயே சுமப்பதால், ஆற்றலுக்கு அதில் இடம் குறைவு. எண்ணெய் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெடியின் கொடுமை அதன் ஆற்றலின் அளவில் இல்லை, அது வெளிப்படும் வேகத்தில் இருக்கிறது.

நீங்கள் ஒரு 100 வாட் பல்பு

ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி உண்பவர் சராசரியாக 97 வாட் வெப்பத்தை இரவும் பகலும் வெளியிடுகிறார். 500 பேர் அமர்ந்திருக்கும் கல்யாண மண்டபத்தில் ஐம்பது கிலோவாட் ஹீட்டர் எரிகிறது என்று பொருள். குளிர்சாதன வசதி அமைப்பவர்கள் சதுர அடியோடு தலைகளையும் எண்ணுவது இதனால்தான்.

இன்னொன்று. எடைக்கு எடை பார்த்தால் நீங்கள் சூரியனைவிட ஏழாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பம் தருகிறீர்கள்! உடம்பின் ஒரு கிலோ ஒன்றரை வாட் தருகிறது. சூரியனின் ஒரு கிலோ தருவது ஒரு வாட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. சூரியன் பிரம்மாண்டமாக இருப்பதால் ஒளிர்கிறது. அப்படி மெதுவாக எரிவதால்தான் கோடானுகோடி ஆண்டுகள் தாங்குகிறது.

வேகம் இரண்டு மடங்கு, அடி நான்கு மடங்கு

பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் டச்சு அறிஞர் கிராவசாண்ட் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழம் போயிற்று. இதன் பொருளைத் துணிந்து எடுத்துச்சொன்னவர் பிரெஞ்சுப் பெண் அறிஞர் எமிலி து ஷாத்லே: இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

சாலையில் இதை இப்படிப் படியுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் 25 மீட்டர், எட்டாம் மாடி. பைக் ஓட்டும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு எண்களைச் சொல்லிவையுங்கள். ஹெல்மெட் போடச் சொல்லுங்கள்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை

சாதாரண மின்விசிறி இழுக்கும் 75 வாட் மின்சாரமும் காற்றின் அசைவாகி, அந்த அசைவு சுவரிலும் பிற காற்றிலும் மோதி ஓய்ந்து, கடைசியில் வெப்பமாகிறது. பூட்டிய அறையில் ஆளில்லாமல் ஓடும் விசிறி அந்த அறையைச் சூடாக்குகிறது. குளிர்வது உங்கள் தோல் மட்டும். வியர்வை வேகமாக ஆவியாவதால். ஆளில்லாத அறையில் விசிறி சுற்றுவதில் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

ஃபிரிட்ஜின் கதவைத் திறந்துவைத்தால் சமையலறை குளிருமா? கொஞ்ச நேரத்தில் சூடுதான் ஏறும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தோடு, மோட்டார் இழுத்த மின்சாரமும் வெப்பமாகிப் பின்பக்கம் வெளியேறுகிறது.

மண்பானையும் புயலும்

மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து பறிக்கிறது. ஒரு தம்ளர் நீர், அதாவது 200 மில்லி, ஆவியாக ஏறத்தாழ 4.8 லட்சம் ஜூல் வேண்டும். அது முழுவதும் பானை நீரிலிருந்தே போனால் 10 லிட்டர் நீர் 11 டிகிரி குளிர்ந்துவிடும். பாதி வெப்பம் காற்றிலிருந்து வந்தாலும் குடிக்க இதமான தண்ணீர் கிடைக்கிறது. பானையைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்வதும், மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகச் சில்லிடாததும் இதே காரணத்தால்தான்: ஈரக் காற்றில் நீர் ஆவியாவது குறைவு.

இதே கணக்கின் மறுபக்கம்தான் புயல். வங்கக் கடலின் வெதுவெதுப்பான நீர் ஆவியாகி மேலே போகும்போது அந்த வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. மேலே மேகமாகக் குளிரும்போது மொத்தத்தையும் கக்குகிறது. அந்த வெப்பம் காற்றைக் கிளப்பி, கிளம்பிய காற்று இன்னும் ஈரத்தை உறிஞ்சுகிறது. 2018-ல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா, கடல்நீர் பல நாள் சேர்த்துவைத்த வெயில்தான். தரையேறியதும் புயல் வலுவிழப்பது, ஆவியாக அடியில் கடல் இல்லாததால்.

ஒரு மின்னல் எத்தனை யூனிட்?

வானமே பிளந்ததுபோல இருக்கும் ஒரு மின்னல் வெட்டில் ஏறத்தாழ 100 கோடி ஜூல் ஆற்றல் இருக்கும். மின்வாரியக் கணக்கில் சுமார் 280 யூனிட். ஏசி ஓடும் வீடு இரண்டு மாதத்தில் தாராளமாகச் செலவழிக்கும் அளவு. ஆனால் அது நொடியின் மிகச் சிறு பங்கில் வெளிப்படுவதால், அது பாயும் காற்று சூரியனின் மேற்பரப்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு சூடேறி வெடிக்கிறது. இடி என்று நாம் கேட்பது அந்த வெடிப்பை.

ஒலி

இடியைக் கேட்டு ஒலியில் பேராற்றல் இருப்பதாக நினைக்க வேண்டாம். நாம் சாதாரணமாகப் பேசும்போது வெளிப்படும் ஒலி ஆற்றல் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அதை ஒரு துளி சிந்தாமல் சேமித்து ஒரு தம்ளர் தண்ணீரைக் காபிச் சூட்டுக்குக் கொண்டுவர, இடைவிடாமல் 150 ஆண்டுகளுக்கு மேல் பேச வேண்டும். இவ்வளவு சிறிய ஆற்றலைப் பிடித்துச் சொல்லைப் பிரித்தறியும் நம் காது ஒரு பெரும் அதிசயம்.

அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரில் பேட்டரி இல்லை

டக்கென்று அழுத்தும்போது ஒரு சிறு சுத்தியல் உள்ளிருக்கும் படிகத் துண்டை அடிக்கிறது. அந்த அடி பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தமாகிப் பொறியாகத் தாவுகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880-ல் கண்டவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரவும் செய்யும். கையிலுள்ள குவார்ட்ஸ் கடிகாரத்தில் அது நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் காட்டுகிறது.

திருப்பிப் போட்டால் எதிர்வேலை

1873-ல் வியன்னா கண்காட்சியில் இரண்டு டைனமோக்கள் இருந்தன. ஒன்றை ஓர் இயந்திரம் சுழற்ற, அது மின்சாரம் தந்துகொண்டிருந்தது. அதன் கம்பியை மற்றொன்றோடு இணைத்தபோது, அந்த இரண்டாவது இயந்திரம் யாரும் சுழற்றாமலே சுழன்றது. டைனமோவும் மோட்டாரும் ஒரே பொருள் என்பதை ஊர் கூடிப் பார்த்த நாள் அது. ஒலிபெருக்கியை மைக்காகவும் பயன்படுத்தலாம். சூரியத் தகட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் அப்படித்தான் சோதிக்கிறார்கள்.

இந்த இருபக்கக் குணத்தை நம் ஊரில் பெரிய அளவில் காண வேண்டுமானால் ஆனைமலைக்குப் போக வேண்டும். அங்கே காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று மலைக்குள் இருக்கிறது. மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது மேலணை நீர் கீழே இறங்கி மின்சாரம் தருகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரங்கள் பம்பாகி நீரை மேலே ஏற்றிவைக்கின்றன. ஏற்றுவதற்குச் செலவிட்டதில் ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் நம் விருப்பப்படி வருவதில்லை. ஆகவே இத்தகைய நிலையங்கள் தமிழ்நாட்டுக்கு இன்னும் பல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மெட்ரோ ரயில்களிலும் இதே வேலை நடக்கிறது. நிலையத்தை நெருங்கி வேகம் குறைக்கும்போது மோட்டார்கள் ஜெனரேட்டராகி, ரயிலின் ஓட்டத்தை மின்சாரமாக்கி மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. உங்கள் ரயில் நிற்பதில் இன்னொரு ரயில் கிளம்புகிறது.

ஒரு பக்கெட் வெந்நீரின் விலை

1824-ல் பிரெஞ்சு இளைஞர் சாதி கார்னோ ஒரு சிறு நூல் எழுதினார். நீராவி இயந்திரத்தை எவ்வளவு திருத்தினாலும், வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது. சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே எல்லையைத் தீர்மானிக்கிறது என்றார். 1832-ல் காலராவில் 36 வயதில் இறந்துபோனார். இன்றைய அனல்மின் நிலையங்களும் அந்த எல்லைக்குள்தான் இயங்குகின்றன. எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. மீதி, குளிர்கோபுரங்களின் ஆவியாகவும் புகைபோக்கிச் சூடாகவும் போகிறது.

இப்போது குளியலறைக்கு வருவோம். 20 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற மூன்றில் ஒரு யூனிட் போதும். ஆனால் அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், அங்கே எரிந்த வெப்பம் முழுதாக ஒரு யூனிட் அளவு. வெப்பத்தை அரும்பாடுபட்டு மின்சாரமாக்கி, அதை மறுபடி வெப்பமாக்குகிறோம். இது தங்கத்தை உருக்கி ஆணி செய்வதற்கு ஒப்பானது. மொட்டைமாடியில் வெயில் சும்மா கிடக்கும் நாட்டில், சூரிய வெந்நீர்க் கலன் வைக்க வசதியுள்ள வீடுகள் அதை வைப்பதுதான் முறை.

ஒரு நாளுக்கு 3 கிராம்

கூடங்குளத்தின் ஒரு உலை முழு வீச்சில் இயங்கினால் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகும். அதில் 1000 மெகாவாட் மின்சாரமாகும். ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்ன சமன்பாட்டின்படி, ஒரு முழு நாள் ஓட்டத்தில் ஆற்றலாக மாறி மறையும் நிறை 3 கிராமுக்கும் சற்றுக் குறைவு. சூரியனிலோ நொடிக்கு நாற்பது லட்சம் டன்னுக்கு மேல் அப்படி மறைகிறது.

வெயில் கொளுத்தினால் சூரிய மின்சாரம் குறையும்

சூரியத் தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு 25 டிகிரி சூட்டுக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை மின்சாரம் குறையும். மே மாதத்தில் 60 டிகிரிக்குச் சூடேறிய தகடு பத்து சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்துக்கும் உங்கள் வீட்டு மாடிக்கும் இது பொது. மாடியில் தகடு பொருத்துகிறவர்கள் அடியில் காற்றுப் புக இடைவெளி விடுங்கள்.

உயிர்கள் செய்யும் மின்சாரமும் ஒளியும்

பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் ஒளியாக்கியது. மின்மினியின் வயிற்றில் வேதி ஆற்றல் சூடு பறக்காமல் ஒளியாகிறது. ஆனைமலைக் காடுகளில் கோடைமழைக்கு முன்பு லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவது உண்டு.

தென் அமெரிக்க மின்விலாங்கு ஒன்றிடம் 860 வோல்ட் அளக்கப்பட்டிருக்கிறது. அதன் உடலில் ஆயிரக்கணக்கான மெல்லிய செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தருவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. எல்லாம் ஒரே கணத்தில் சேர்ந்து பாய்வதால்தான் அந்த அதிர்ச்சி.

ராமன் விளைவும் ஆற்றல் பரிமாற்றமே

1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் சி.வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது என்ன? ஒளி ஒரு திரவத்தின் ஊடே போகும்போது, அதில் மிகச் சிறு பங்கு தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. எவ்வளவு கொடுத்தது என்று அளந்தால், அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். கலப்படம் கண்டுபிடிக்கும் கருவிகள் முதல் செவ்வாய்க்குப் போன ஊர்தி வரை இன்று இதை நம்பியிருக்கின்றன.

கமலை இறைத்த நுட்பம்

மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுப் பாசனத்தில் கமலை ஓட்டியவர்கள் மாடுகளைச் சமதரையில் இழுக்கவிடவில்லை. கிணற்றிலிருந்து விலகிச் சரிவாக இறங்கும் பாதை அமைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையே நீர் நிறைந்த சாலை (நீர் மொள்ளும் கலத்தை) மேலே தூக்கியது. ஓட்டுபவரும் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையைச் சேர்த்தார். சால் காலியானதும் மாடுகள் பின்னோக்கி மேடேறின. சுமை உள்ளபோது இறக்கம், சுமை இல்லாதபோது ஏற்றம். இயற்பியல் நூல் படிக்காதவர்கள் வகுத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

நிலவு விலகிப் போகிறது

கடலின் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சிக்குப் பிரேக் போடுகிறது. சுழற்சி இழக்கும் ஆற்றலில் பெரும்பங்கு கடல்நீரில் வெப்பமாகிறது. ஒரு சிறு பங்கு நிலவை வெளியே தள்ளுகிறது. 1969 முதல் நிலவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் கதிர் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவதைக் கண்டிருக்கிறார்கள்.

அசையும் உறுப்பே இல்லாத மின்நிலையம்

1977-ல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கின்றன. சூரியத் தகடு அங்கே பயன்படாது. புளூட்டோனியம் தானாகச் சிதையும் வெப்பத்தை, இரு வேறு பொருள்களின் இணைப்பு நேரடியாக மின்சாரமாக்குகிறது. கிளம்பும்போது 470 வாட். ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 வாட் குறைகிறது.

தண்ணீரில் ஓடும் வண்டி?

அவ்வப்போது யாராவது ஒருவர் தண்ணீரை ஊற்றி வண்டி ஓட்டிக்காட்டுவதாகச் செய்தி வரும். நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதை மறுபடி ஹைட்ரஜனாகப் பிரிக்க, எரிக்கும்போது கிடைப்பதைவிட அதிக ஆற்றல் செலவாகும். தானே ஓயாது இயங்கும் இயந்திரங்கள் பற்றிய கோரிக்கைகளை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே முடிவெடுத்துவிட்டது.

ஆற்றல் ஏன் அழிவதில்லை?

1918-ல் இதற்கு விடை கண்டவர் எம்மி நோய்தர் என்ற ஜெர்மன் கணித அறிஞர். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனாலேயே ஆற்றலின் கூட்டுத்தொகை மாறுவதில்லை என்று நிறுவினார். பெண் என்பதற்காக, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் சில ஆண்டுகள் டேவிட் ஹில்பர்ட்டின் பெயரில்தான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. யூதர் என்பதற்காக 1933-ல் பதவி பறிக்கப்பட்டு அமெரிக்கா போனார், 1935-ல் இறந்தார்.

உங்கள் மீட்டர் கண் சிமிட்டுகிறது

வீட்டு மின்மீட்டரில் சிவப்பாக ஒரு சிறு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. அப்படியானால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை இரண்டு மீட்டருக்கும் மேலே தூக்கும் அளவு ஆற்றல் அது. 2000 வாட் கீசர் ஓடினால் பத்து நொடியில் பதினேழு பதினெட்டு முறை சிமிட்டும். பழைய மின்விசிறி மட்டும் ஓடினால் 15 நொடிக்கு ஒரு முறை. 30 வாட் மட்டுமே இழுக்கும் புதுவகை பிஎல்டிசி விசிறி என்றால் 37 நொடிக்கு ஒரு முறை.

இன்று இரவு பிள்ளைகளைக் கூட்டிப் போய், மீட்டரைத் தொடாமல் நின்று எண்ணிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் விளக்கு மின்னினால், செட்டாப் பாக்ஸோ வேறெதுவோ இன்னும் மின்சாரத்தை வெப்பமாக்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள்.